‘ம்’ கொட்ட ஒரு ஆள் வேண்டும்: பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடவும் கதை கட்டவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் தெருவிலுள்ள பிள்ளைகள் கூடுகிறார்கள். நாலு வயது முதல் பதினோரு வயது வரை. ஒரு வாரம் எட்டுப் பேர், ஒரு வாரம் இருபது பேர். முதலில் விளையாட்டு. ஆட்டம் ஓய்ந்து வெயில் இறங்கியதும் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கதை கட்டுவோம். கொரோனாக் காலத்தில் நின்றுபோனதைத் தவிர ஒன்பது வருஷமாக இது நடக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் அப்பாக்களும் தாத்தா ஆச்சிகளும் மாடிப்படியில் நின்றபடி கேட்ட கேள்விகள் இவை. படியில் நின்று சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

“கதை சொல்லு” என்றால் என் மகள் “தெரியாது” என்கிறாள். அவளுக்குக் கற்பனையே வராதோ?

வரும். கேட்ட விதம்தான் பொருந்தவில்லை. நாலு பேர் முன்னால் நிறுத்தி “ஒரு கதை சொல்லும்மா” என்றால் எந்த வயதிலும் வாய் அடைத்துப்போகும். அவள் தனியாக இருக்கும்போது என்ன செய்கிறாள் என்று பக்கத்து அறையிலிருந்து பத்து நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். தலையணையை மடியில் போட்டுத் தட்டி, “அழாதே, அப்பா முறுக்கு வாங்கிட்டு வருவாங்க” என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள். துண்டைத் தலையில் பின்னலாகக் கட்டிக்கொண்டு சுவருக்குப் பாடம் நடத்துவாள். அதெல்லாம் கதைதான். அவள் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

அந்த விளையாட்டுக்குள் நீங்களும் ஒரு ஆளாகப் போய் உட்காருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு சிறுமி நாலு வாரம் வாயே திறக்கவில்லை. ஐந்தாவது வாரம் ஓரமாகச் செங்கல் பொடியைச் சிரட்டையில் கரைத்து டீக்கடை வைத்திருந்தாள். நான் போய்க் குந்தி உட்கார்ந்து, “ஒரு டீ போடுங்க, சீனி கம்மியா” என்றேன்.

“பால் இல்லை.”

“ஏன், என்னாச்சு?”

“மாடு அதோட அம்மா வீட்டுக்குப் போயிருக்கு.”

“எப்ப வரும்?”

“கொடை முடிஞ்சு வரும்.”

கோயில் கொடைக்கு ஊருக்குப் போன அந்த மாட்டைச் சுற்றி அன்று இருட்டும் வரை பேச்சு ஓடியது. மாடு பஸ்ஸில் போனதா நடந்து போனதா, டிக்கெட் யார் எடுத்தது, கொம்பு ஜன்னலில் மாட்டிக்கொண்டதா என்று மற்ற பிள்ளைகளும் வந்து கூடிவிட்டார்கள். நான் கதை கேட்டிருந்தால் அவள் தலையைக் குனிந்திருப்பாள். டீ கேட்டதால் மாடு வந்தது.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934), குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் பிள்ளையைப் பற்றிப் பேசியிருக்கிறார். குதிரை என்ற எண்ணத்தை நிஜக் குதிரையிலிருந்து பிரித்தெடுக்கச் சின்னப் பிள்ளைக்குக் கையில் ஒரு குச்சி தேவைப்படுகிறது என்பது அவர் கருத்து. எங்கள் பக்கம் அந்தக் குச்சி பனைமட்டையாக இருக்கும், நுங்குவண்டியாக இருக்கும். வெறுங்கையோடு நிற்கிற பிள்ளையிடம் கதை கேட்காதீர்கள். கையில் எதையாவது கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

சேர்ந்து கதை கட்டுவது என்றால் என்ன? நான் சொல்ல அவன் கேட்பது போதாதா?

அதுவும் வேண்டும். நல்ல கதைகளைக் கேட்டு வளராத பிள்ளைக்குக் கதையின் நடை பிடிபடாது. ஆனால் நம் ஊரில் கதை ஒருநாளும் ஒருவர் மட்டும் சொல்வதாக இருந்ததில்லை. ஆச்சி கதை சொல்லும்போது பிள்ளைகள் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் கதையும் நிற்கும். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு அடி சொன்னால் குடம் அடிப்பவரும் பின்பாட்டுக்காரர்களும் ‘ஆமா’ போடுவார்கள், நடுவில் “அப்படியா? பொறவு என்ன ஆச்சு?” என்று கேட்பார்கள். கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே மறித்துக் கேள்வி கேட்பான். கேட்கிற ஆள் கதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற மரபு நம்முடையது.

இதில் பெரியவர்களும் பிள்ளைகளும் இடம் மாறிக்கொள்வதைத்தான் சேர்ந்து கதை கட்டுவது என்கிறேன். பிள்ளை புலவர் இடத்தில் உட்காரட்டும். நீங்கள் பின்பாட்டுக்குப் போங்கள். என்னிடம் யார் என்ன கேட்டாலும் கடைசியில் நான் சொல்வது இதுவாகத்தான் இருக்கும்.

எனக்குக் கதை சொல்லவே வராது. நான் எப்படி?

பின்பாட்டுக்காரருக்குக் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. “பொறவு?”, “அப்ப அது என்ன செஞ்சுது?”, “அதை யாரு பார்த்தா?” இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு ஒரு மாலையை ஓட்டலாம்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளை சொன்னதை வெட்டாதீர்கள். மீன் மரத்தில் ஏறியது என்றால், “மீன் எப்படிலே மரம் ஏறும்?” என்று மடக்க வேண்டாம். “எந்த மரம்? வழுக்கலையா?” என்று கேளுங்கள். முதல் கேள்வியில் பிள்ளை தப்புச் செய்தவனாகிவிடுகிறான். இரண்டாவதில் அவனுக்கு யோசிக்க ஒரு வேலை கிடைக்கிறது. “பனை மரம். அதுல செதில் செதிலா இருக்கும்லா, மீனுக்கும் செதில் இருக்கு, ரெண்டும் மாட்டிக்கிடும்” என்று ஏழு வயதுப் பையன் ஒருவன் பதில் சொன்னான். பனையையும் மீனையும் இதைவிட உற்றுப் பார்க்க முடியாது.

எப்படித் தொடங்குவது? “ஒரு ஊர்ல ஒரு ராஜா” என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் போக மாட்டேன் என்கிறது.

தெரிந்த கதையை உடைப்பதிலிருந்து தொடங்குங்கள். கொழுக்கட்டைக் கதை எல்லோருக்கும் தெரியும். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பெயர் மறந்துவிடக் கூடாதென்று “கொழுக்கட்டை, கொழுக்கட்டை” என்று சொல்லிக்கொண்டே வருகிறான். வழியில் ஒரு வாய்க்கால். “அத்திரிபாச்சா” என்று தாண்டுகிறான். அப்புறம் வாயில் அத்திரிபாச்சாதான் நிற்கிறது. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் அத்திரிபாச்சா செய்து தரச் சொல்லி நச்சரிக்கிறான். அவளுக்குத் தெரியவில்லை. கோபத்தில் அடித்துவிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரி வந்து, “ஐயோ, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே” என்றதும் அவனுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

இந்தக் கதையைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்த அடி இடத்தில் பெரியவர்கள் சிரிப்பதையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த முடிவு பிடிக்காது. அதற்காகக் கதையைத் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டு வாசலுக்கு வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, “அடிக்காம, திட்டாம அவனுக்கு எப்படி ஞாபகம் வரும்? நீங்க சொல்லுங்க” என்றேன். ஒருத்தி, பெண்டாட்டி அரிசி மாவில் என்னென்ன செய்ய முடியுமோ எல்லாம் செய்து வரிசையாக வைக்கிறாள் என்றாள். இடியாப்பமா? இல்லை. புட்டா? இல்லை. ஆப்பமா? இல்லை. சின்னவர்கள் எல்லோரும் சேர்ந்து ‘இல்லை’ போட்டார்கள். இன்னொருவன், மாமியார் வீட்டுக்குப் போன் போட்டால் முடிந்தது என்றான். இவ்வளவு நேரமும் பேசாமலிருந்த ஒரு ஆறு வயதுப் பையன் எழுந்து நின்று, “அவன் வாய்க்காலுக்குத் திரும்பிப் போய்ப் பின்பக்கமாத் தாண்டினான். சொல்லு திரும்பி வந்துட்டு” என்றான்.

அன்று மாடியில் எல்லோரும் பின்பக்கமாகத் தாண்டித் தாண்டிப் பார்த்தார்கள். எந்தச் சொல்லை எங்கே தொலைத்தோம் என்று சொல்லிச் சொல்லித் தாண்டினார்கள். அடுத்த மூன்று வாரத்துக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. கதையும் விளையாட்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருவதை அன்றைக்கு நன்றாகப் பார்த்தேன்.

இன்னொரு வழி, துணிப்பைக்குள் கைவிட்டு எடுப்பது. வீட்டில் கிடக்கிற பத்துப் பொருளைப் போட்டு வையுங்கள்: பழைய சாவி, வெண்டைக்காய், ஒற்றைச் செருப்பு, ரசீது, மணி. பிள்ளை கண்ணை மூடி இரண்டு எடுக்கட்டும். வெண்டைக்காயும் சாவியும் வந்தால், இரண்டும் எப்படிச் சந்தித்தன? குழந்தைகளுக்காக எழுதிய இத்தாலிய எழுத்தாளர் ஜியான்னி ரோடாரி 1972-இல் ரெஜியோ எமிலியா நகரத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து இதுபோன்ற முறைகளைப் பேசியிருக்கிறார். ஒற்றைச் சொல்லிலிருந்து கதை கிளம்பாது, ஒன்றுக்கொன்று தூரமான இரண்டு சொல்லைப் பக்கத்தில் வைத்தால்தான் பொறி பறக்கும் என்பது அவர் கண்டது. நாய், எலும்பு என்று கொடுத்தால் பிள்ளை ஒரே வரியில் முடித்துவிடும். நாய், அலமாரி என்று கொடுத்துப் பாருங்கள்.

கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?” என்று கேட்கலாமா?

வேண்டாம். கேட்ட நொடியில் கதை பாடமாகிவிடும். அடுத்த தடவை பிள்ளை உங்களுக்குப் பிடித்த நீதியை முதலில் யோசித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி ஒரு காக்காவையோ நரியையோ கொண்டுவந்து நிறுத்தும். பள்ளிக்கூடத்தில் அதற்கு மார்க் கிடைக்கலாம். மாடியில் எனக்கு அது வேண்டாம். எது நியாயம் எது அநியாயம் என்று பிள்ளைகளுக்குக் கதைக்குள்ளேயே தெரிகிறது. கொழுக்கட்டைக் கதையில் பெண்டாட்டியை அடி வாங்காமல் காப்பாற்ற இருபது பிள்ளைகள் வழி தேடினார்கள். அதற்கு மேல் நான் எந்த நீதியை எடுத்துச் சொல்ல?

என் பையன் கதையில் எல்லாரும் செத்துப்போகிறார்கள். ஒரே ரத்தம், வெட்டு, பேய். பயமாக இருக்கிறது.

ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை பெரும்பாலான பிள்ளைகளின் கதை இப்படித்தான் இருக்கும். நிஜத்தில் சமாளிக்க முடியாததை அவர்கள் கதையில் வைத்துப் பார்க்கிறார்கள். செத்தவர்கள் அடுத்த வரியில் எழுந்து வந்து பரோட்டா சாப்பிடுவதையும் கவனித்திருப்பீர்கள். அதட்டி நிறுத்த வேண்டாம். “பேய் எங்கே தூங்கும்?”, “அதுக்குப் பயமா இருக்குற இடம் எது?” என்று கேளுங்கள். எங்கள் மாடியில் புளியமரத்துப் பேய் ஒன்று உண்டு. அதற்கு இருட்டென்றால் பயம் என்று பிள்ளைகளே முடிவு செய்து, அதன் கிளையில் ஒரு பல்பு கட்டிக்கொடுத்தார்கள்.

ஒரே காட்சியை, அதே ஆளை, அதே வீட்டை, சிரிப்பே இல்லாமல் பல வாரம் திரும்பத் திரும்பச் சொல்கிற பிள்ளையிடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், யாரையாவது கண்டால் ஒடுங்கினால், கூட்டத்தில் எதுவும் கேட்காமல் தனியாக, மெதுவாகப் பேசுங்கள். குழந்தைகள் நல உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது. பிள்ளைகள் வாயால் சொல்ல முடியாததைப் பொம்மையை வைத்துச் சொல்வதுண்டு. அதைக் கேட்பதற்கும் நாம் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இப்படிப் பழக்கினால் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளாதா? “கதை விடாதே” என்றுதானே திட்டுகிறோம்?

நம் மொழியிலேயே கதை கட்டுவதும் கதை விடுவதும் பொய்யாகிவிட்டதால் இந்தச் சந்தேகம் வருகிறது. மண்ணைக் குழைத்துச் ‘சோறு’ என்று நீட்டுகிற பிள்ளை அதை வாயில் போடுவதில்லை. வாய்ப்பக்கம் கொண்டுபோய் “ம்ச் ம்ச்” என்று சத்தம் காட்டிவிட்டுக் கீழே வைத்துவிடும். நீங்கள் நிஜமாகவே தின்னப் போனால் பதறிக் கையைத் தட்டிவிடும். மூன்று வயதிலேயே அதற்கு வித்தியாசம் தெரியும். பொய் என்பது மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சொல்வது. அது பயத்திலிருந்து வருகிறது. கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு “பூனை தட்டிட்டு” என்கிற பிள்ளை கதை கட்டுவதால் அப்படிச் சொல்லவில்லை, அடிக்குப் பயந்து சொல்கிறது.

டிவியில் பார்த்த கார்ட்டூனையே திரும்பச் சொல்கிறான். சொந்தமாக ஒன்றும் வரவில்லை.

இரவல் வாங்கித்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அந்த நாயகனை உங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வண்ணாரப்பேட்டையில் பஸ் ஏறி திருநெல்வேலி சந்திப்புக்குப் போகிறான், சில்லறை இல்லை, நடத்துநர் என்ன சொல்வார்? அந்தக் கார்ட்டூனில் இதற்குப் பதில் கிடையாது. இனி அவனேதான் யோசித்தாக வேண்டும்.

என்னென்ன பொம்மை வாங்க வேண்டும்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு வேலை மட்டும் செய்கிற பொம்மை சீக்கிரம் அலுத்துவிடும். பொத்தானை அமுக்கினால் பாடுகிற கார் அந்தப் பாட்டைத்தான் பாடும். அட்டைப்பெட்டி இன்று வீடு, நாளை லாரி, மறுநாள் மாவு மில். பழைய சேலை ஒன்று, துணி காயப்போடும் கிளிப்புகள், சிரட்டைகள், பேப்பர் கட்டு, தாயக்கட்டை இருந்தால் போதும். காசு செலவழித்துத்தான் ஆக வேண்டுமென்றால் அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான் ஒரு தொகுதி வாங்குங்கள். அடுப்பும் பானையும் உரலும் கையில் வந்தால் அங்கே ஒரு குடும்பம் தானாக வந்துவிடும், பொறவு சண்டை, விருந்து, கல்யாணம். ஆண் பிள்ளைக்கும் வாங்கிக்கொடுங்கள். எங்கள் மாடியில் நன்றாகச் ‘சமைக்கிறவர்கள்’ பையன்கள்தான்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை கூட இருந்தால் புளியங்கொட்டை, சோழி, கோலிக்குண்டு எதையும் கீழே விடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொத்தான் போன்ற சின்ன வட்ட பேட்டரி உள்ள விளையாட்டுச் சாமான்களைத் திருகாணி போட்டு மூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

செல்போன்?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது ஆகும் வரை உட்கார்ந்து திரை பார்ப்பது வேண்டாம். இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. பிள்ளை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் கூட இருந்து புத்தகம் வாசிக்கவும் கதை சொல்லவும் வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. போனைப் பிடுங்குவதைப் பற்றியே பேசுகிறோம், பிடுங்கிய கையில் என்ன கொடுப்பது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்தால் ஒருத்தனே பேசுகிறான். ஒருத்தி வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

எங்கள் மாடியில் ஒரு சிரட்டை சுற்றி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கதையை நடத்துவார். மற்றவர்கள் ‘ஆமா’ போடலாம், கேள்வி கேட்கலாம், கதையை மாற்றக் கூடாது. வேண்டாமென்றால் சிரட்டையைப் பேசாமல் அடுத்தவரிடம் நீட்டலாம். அப்படி நீட்டுவதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லக் கூடாது. அதிகம் பேசுகிறவனுக்குச் சத்தம் போடும் வேலையைக் கொடுத்துவிடுவேன். மழை, ரயில், இடி எல்லாம் அவன் பொறுப்பு. அவனுக்கு உற்சாகமும் குறையாது, மற்றவர்களுக்கும் இடம் கிடைக்கும். பேசாதவளுக்குப் பேசத் தேவையில்லாத ஆள் வேஷம்: கதையில் வருகிற மரம், கதவு, பூனை. கதவாக நின்ற பிள்ளை நாலாவது வாரம் “திறக்க மாட்டேன்” என்று சொல்லும். அன்றைக்குக் கதையே அவள் கைக்குப் போய்விடும்.

“உன்னைச் சேத்துக்க மாட்டோம்” என்ற பேச்சு வந்தால் மட்டும் நான் உடனே நடுவில் போவேன். நிறத்தையும் வீட்டையும் தெருவையும் பார்த்து ஒதுக்கும் வேலை பிள்ளைகளின் விளையாட்டுக்குள்ளும் நுழையும், பெரியவர்களிடமிருந்து வந்த சரக்கு அது. சிகாகோவில் பல வருஷம் மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருந்த விவியன் கஸின் பேலி, யாரும் யாரையும் விளையாட்டிலிருந்து விலக்கக் கூடாது என்று தன் வகுப்பில் ஒரு விதியே கொண்டுவந்தார். எங்கள் மாடியிலும் அதுதான் சட்டம்.

கதை நன்றாக இருக்கிறது. அவனையே எழுத வைக்கலாமா?

எழுத்துக்கூட்டித் தடுமாறுகிற வயதில் வேண்டாம். வாயில் யானை அளவு இருக்கும் கதை, பென்சிலைக் கையில் கொடுத்ததும் “யானை வந்தது. யானை போனது.” என்று சுருங்கிவிடும். பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். மேலே சொன்ன பேலி செய்ததும் இதுதான். பிள்ளை சொல்வதை அவர் அப்படியே எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே சேர்ந்து அதை நடிக்கும். எந்த வேஷம் தனக்கு என்பதைக் கதை சொன்ன பிள்ளை தேர்ந்தெடுக்கும். அவருக்கு 1989-இல் மெக்ஆர்தர் விருது கிடைத்தது.

எழுதும்போது திருத்தாதீர்கள். “ஓடிச்சு, விழுந்துச்சு, எந்திச்சுச்சு” என்று சொன்னால் அப்படியே எழுதி, அப்படியே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து போன சொல் தாளிலிருந்து திரும்பி வருவதைக் கேட்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எழுத்து எதற்கு என்று அப்போதுதான் பிள்ளைக்குப் புரிகிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று இதற்கென்று வாங்கி, கதைக்குத் தேதி போட்டு வையுங்கள். படம் அவன் வரையட்டும்.

கதை தமிழிலா, இங்கிலீஷிலா?

பிள்ளை எந்த மொழியில் கனவு கண்டு பிதற்றுகிறதோ அதில். பெரும்பாலும் அது வீட்டுத் தமிழ். பள்ளிக்கூடத்துக்காக இங்கிலீஷில் கதை சொல்லச் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. தெரிந்த முப்பது சொல்லுக்குள் யோசனையும் அடங்கிவிடும். நடுவில் இங்கிலீஷ் சொல் வந்தால் வரட்டும், அதற்காக நிறுத்த வேண்டாம். வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னக் கதை நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்திருக்கின்றன. கேட்டு வாங்கி வாசித்துவிட்டு, கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் என்ன நடந்தது என்று அங்கிருந்து தொடங்கலாம்.

வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன். எனக்கு நேரம் எங்கே?

தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். தோசை ஊற்றும்போது முதல் தோசைக்கு ஒரு வரி அவன், இரண்டாவது தோசைக்கு ஒரு வரி நீங்கள். பைக்கில் போகும்போது சிக்னலில் நிற்கிற லாரி எங்கிருந்து வருகிறது, உள்ளே என்ன இருக்கிறது? மின்சாரம் போன நேரம் இதற்கென்றே வருவது. எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கிற ஒரு அம்மா, பூத்தொடுக்கும்போது மகளிடம் ஒரு கண்ணிக்கு ஒரு வரி என்று கதை கேட்கிறார். ஒரு முழம் முடியும்போது கதையும் ஒரு முழம் வளர்ந்திருக்கும்.

படிப்பு கெடாதா? மூன்றாம் வகுப்பிலேயே டியூஷன் வைத்திருக்கிறோம்.

இந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது. விளையாட்டு படிப்புக்கு இடைஞ்சலாக ஒட்டிக்கொண்ட ஒன்று என்பது போலக் கேட்கிறோம். ஐக்கிய நாடுகள் சபையின் 1989-ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்றே எழுதி வைத்திருக்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. 2024 முதல் ஜூன் 11 சர்வதேச விளையாட்டு நாள். பல்லாங்குழியில் பதினாலு குழியிலும் முத்துப் போட்டு எண்ணுவது கணக்கு. எது முன்னால் நடந்தது, எதனால் அடுத்தது நடந்தது என்று கதையைக் கோத்துச் சொல்வது நாளைக்குக் கட்டுரை எழுதுவதற்கு வேண்டிய அதே திறமை. ஆனால் மார்க் வரும் என்று சொல்லி உங்களை இழுக்க எனக்கு விருப்பமில்லை. எட்டு வயது ஒரு தடவைதான் வரும். அந்த வயதில் மாடு கொடைக்குப் போக வேண்டும், மீன் பனை ஏற வேண்டும்.

எந்த வயதிலிருந்து தொடங்கலாம்? எப்போது நிறுத்த வேண்டும்?

மடியில் உட்காரும் வயதிலிருந்தே. ஒரு வயதுப் பிள்ளைக்கு விரல் விரலாகத் தொட்டு “சோறு கறி நெய்” என்று பிசைந்து நண்டூருது நரியூருது விளையாடுகிறோமே, அதுவும் ஒரு கதைதான். மூன்று, நாலு வயதில் இரண்டு வரிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆறுக்கு மேல் நேற்று விட்ட இடம் ஞாபகம் இருக்கும். ஒன்பது, பத்தில் “அது எப்படி முடியும்?” என்று அவர்களே ஒருவரையொருவர் மடக்குவார்கள், வரைபடம் போடுவார்கள், கதைக்குச் சட்டதிட்டம் எழுதுவார்கள். அப்போது சண்டை அதிகம், கதையும் ஆழம். நிறுத்த வேண்டிய வயது என்று ஒன்றில்லை. எங்கள் மாடியில் வளர்ந்தவர்களில் இரண்டு பேர் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். லீவுக்கு வந்தால் குடம் அடிக்க வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் கதை முடிவதே இல்லை. தூங்கவும் விடமாட்டேன் என்கிறாள். எப்படி நிறுத்துவது?

பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன வழி இருக்கிறது. “கதையும் முடிஞ்சுது, கத்திரிக்காயும் காய்ச்சுது.” எங்கள் மாடியில் விளக்கு போடும் நேரம் வந்ததும் எல்லோரும் சேர்ந்து கைதட்டி இதைச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். கதை எந்த இடத்தில் நின்றாலும் சரி, அரக்கன் வாயில் பாதி ஆள் இருந்தாலும் சரி. அடுத்த வாரம் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலும் ஒரே வாசகத்தைத் தினமும் சொல்லுங்கள், பத்து நாளில் பழகிவிடும்.

போன ஞாயிறு அப்படிச் சொல்லி முடித்து எல்லோரும் இறங்கிய பிறகு, அந்த டீக்கடைச் சிறுமி மட்டும் நாலாவது படியில் நின்றுகொண்டிருந்தாள். என்னம்மா என்றேன்.

“அத்தை, அந்தக் கத்திரிக்காயை யாரு பறிச்சா?”